கரட்டுக் கெவுளியின் உத்தரவு

திண்டுக்கல்லில் கொஞ்ச நாளாக யாரும் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. அந்தத் தொல்லையை ஒரு பல்லி ஏற்றுக்கொண்டிருந்தது.

வத்தலக்குண்டு ரோட்டில் ஊரைத் தாண்டியதும் ஒரு மொட்டைக் கரடு, சின்னப் பாறைக்குன்று. கரட்டுச் சரிவில் ஒரு குகை. குகைக்குள் கெவுளிச் சாமி; கெவுளி என்றால் பல்லி. மனை வாங்கலாமா, போர் போடலாமா, பெரியவனுக்குப் பெண் பார்க்கலாமா, சின்னவனை வீட்டை விட்டு விரட்டலாமா, எதுவானாலும் அங்கே போய்க் கேட்க வேண்டும். சாமி சூடம் காட்டுவார். வலப்பக்க மாடத்திலிருந்து பல்லி கத்தினால் உத்தரவு உண்டு. இடப்பக்கம் கத்தினால் இல்லை. கத்தவே இல்லையென்றால் அடுத்த வாரம் இன்னொரு தாம்பாளத் தட்டோடு வர வேண்டும். பல்லிக்கும் ஓய்வு வேண்டாமா?

பல்லி கத்துவதை வைத்து நல்லது கெட்டது பார்ப்பது இந்தப் பக்கத்துப் பழைய வழக்கம்தான். ஆனால் பழைய பல்லிகளிடம் ஒரு குறை உண்டு. நினைத்தபோது கத்தும், கேட்கும்போது சும்மா இருக்கும். கரட்டுப் பல்லி அப்படி இல்லை. ஓய்வு எடுக்கும் நாள் தவிர, சூடத்தைக் கண்டால் போதும், கையோடு பதில் சொல்லிவிடும். இவ்வளவு ஒழுக்கமான பல்லியைக் கண்டால் கூட்டம் சேராதா? ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டின் இரண்டு பக்கமும் கார்கள் நிற்கும். வரிசையில் ஒரு பேங்க் மேனேஜர் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். அவருக்குப் பின்னால் அவரிடம் கடன் கேட்டிருப்பவர் நிற்பார். கொடுக்கலாமா என்று அவரும், கிடைக்குமா என்று இவரும் கேட்பதற்காக. ஒருவரை ஒருவர் திரும்பிப் பார்த்துக் கேட்டிருந்தால் இருவருக்கும் பஸ் செலவு மிச்சம்.

சாமிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் மதியழகன். முன்னாளில் பழனி பஸ் ஸ்டாண்டு பக்கம் பொம்மைக் கடை வைத்திருந்தார். தட்டினால் அழும் குழந்தை, கை தட்டினால் கூவும் சேவல், இப்படியான சரக்கு. ஒரு நாள் கனவில் ஒரு பல்லி வந்து கூப்பிட்டதாம். கடையை மூடிவிட்டுக் கரட்டுக்கு வந்துவிட்டார்.

இந்தச் சாமியின் பக்தர்களில் முதல் வரிசை ஆள் பொம்மையன். நாகல் நகரில் மைக்செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் பாக்ஸ்தான் அலறும். கரட்டில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தக் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரும் அவருடையதுதான். வாடகை வாங்குவதில்லை, சாமி காரியம். புது ஆம்ப்ளிஃபயர் வாங்கியதும், பழைய வேனை விற்றதும், மனைவி மூக்காயியின் மூட்டு வலிக்கு டாக்டரை மாற்றியதும், மறுபடி பழைய டாக்டரிடமே போனதும் எல்லாம் பல்லி உத்தரவுப்படிதான்.

அவர் மகள் அறிவுச்செல்வி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்திருந்தாள். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. சிப்புகளைச் சோதித்து, அடைத்து, ஊர் ஊருக்கு அனுப்பும் கம்பெனி. மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும் என்று மெயில் வந்திருந்தது. அவளைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பாள். பொம்மையனைக் கேட்டார்கள். பொம்மையன் பல்லியைக் கேட்போம் என்றார்.

கரட்டடியில் ஒரு டீக்கடை. அம்மாவும் மகளும் பூ வாங்கப் போயிருந்த நேரத்தில் டீக்கடைக்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"என்னண்ணே, குடும்பத்தோட வந்திருக்கீக? மாப்பிள்ள விசயமா?"

"இல்லப்பா, மகளுக்கு வேல. ஓசூராம். அம்புட்டுத் தூரத்துக்கு ஒத்தப் பொம்பளப் புள்ளய எப்பிடி அனுப்புறது? மனசே கேக்கல. நான் வேணாம்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவா. சாமியே ஒரு வார்த்த சொல்லிட்டா தேவல."

டீக்கடைக்காரர் அனுதாபமாகத் தலையாட்டினார். டீயைக் கையில் கொடுத்துவிட்டு, செல்போனை எடுத்து எதையோ தட்டினார். இந்தக் காலத்தில் யாருக்குத்தான் செல்போனில் வேலை இல்லை?

குகை வாசலில் செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளிச்சம் பட்டால் சாமிக்குக் கண் கூசுமாம். உள்ளே கும்மிருட்டு. மூலையில் சாமிக்குப் பின்னால் ஒரு அகல் விளக்கு மட்டும். இரண்டு பக்கமும் மாடம், மாடத்துக்கு ஒரு வெள்ளிப் பல்லி.

"சொல்லு அப்பு," என்றார் சாமி.

"மகளுக்கு வேல வந்திருக்கு சாமி. சிப்புக் கம்பெனியில."

சாமிக்குப் புரையேறியது. "சிப்பா? கறுப்பா, பூரான் கணக்கா ரெண்டு பக்கமும் காலு வச்சிருக்குமே, அதா?"

"உங்களுக்கு எப்பிடிச் சாமி தெரியும்?" என்றாள் அறிவுச்செல்வி.

"எல்லாம் ஞானத்துல தெரியும் தாயி. ஆனா ஒண்ணு. மனுசன் செஞ்ச சிப்பு பொய் சொல்லும். கெவுளி சொல்லாது."

சூடத்தட்டை எடுத்தார். மூன்று சுற்றுச் சுற்றி இடப்பக்க மாடத்தை நோக்கி நீட்டினார்.

டப்.

பிறகு, கெச் கெச் கெச் கெச்.

"இடப்பக்கம்!" என்று கூட்டம் பெருமூச்சு விட்டது. பொம்மையனின் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. அது வெளியே தெரியாமல் முகத்தில் சோகத்தை வரவழைத்துக்கொண்டார். நல்ல சோகம்தான், மகளைத் தவிர எல்லோரும் நம்பினார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது அறிவுச்செல்வி கேட்டாள். "அப்பா, பல்லி கத்துறதுக்கு முன்னாடி 'டப்'புனு ஒரு சத்தம் வந்துச்சே, கவனிச்சீங்களா?"

"தொண்டையக் கனைச்சிருக்கும்."

"ஒவ்வொரு ஆளுக்கும் ஒரே மாதிரி கத்துதுப்பா. கடைசியில ஒரு இழுப்பு இழுக்குது, அதுகூட மாறல."

"பழகுன பல்லி. அப்பிடித்தான் இருக்கும்."

மூக்காயி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நம்ம அடுப்படியில கத்துற பல்லிய வெளக்கமாத்தால அடிக்கிறீக. கரட்டுல கத்துனா கன்னத்துல போட்டுக்கிறீக. அதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது வேற, இது வேற. நம்ம வீட்டுப் பல்லிக்கு அனுபவம் பத்தாது."

அறிவுச்செல்வி அழவில்லை, சண்டையும் போடவில்லை. கம்பெனி மெயிலைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். பொம்மையன் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். திட்டினாலாவது பதிலுக்குத் திட்டலாம். சும்மா இருக்கிறவளை என்ன செய்வது?

அந்த வாரம் ஒரு காதுகுத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயர் பாதியில் வாயை மூடிவிட்டது. பொம்மையன் அதைத் தூக்கிக்கொண்டு பேகம்பூர் போனார். மகளும் கூட வந்தாள். அங்கே சாகுல் ஹமீதின் கடை. எலக்ட்ரானிக்ஸ் சாமான் எது வேண்டுமானாலும் அந்தக் கடையின் ஏதாவது ஒரு டப்பாவுக்குள் இருக்கும். எந்த டப்பா என்பதுதான் தெரியாது.

"வாங்கண்ணே. ஐசி சிப்பு மாத்தலாமான்னு பல்லிகிட்டக் கேட்டுட்டு வந்தீகளா?"

"ஏன் பாய், நீயுமா?"

சாகுல் ஹமீது சிரித்தபடி ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்றினார். அறிவுச்செல்வி டப்பாக்களைக் கிளறத் தொடங்கிவிட்டாள். தின்பண்டக் கடையில் விட்ட மாதிரி அவள் முகம் மலர்ந்துவிட்டது. பொம்மையன் எட்டிப் பார்த்தார். எல்லாம் கறுப்பு, எல்லாவற்றுக்கும் கால்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான இருக்கு?"

"மேல இருக்கிற நம்பரப் பாக்கணும்ப்பா. இது ரெகுலேட்டர். கரண்ட்டு கூடக்கொறைய வந்தாலும் ஒரே அளவா நிறுத்தி அனுப்பும். இது டைமர். இவ்வளவு நேரம் கழிச்சு ஆன் பண்ணு, இவ்வளவு நேரம் கழிச்சு ஆஃப் பண்ணுன்னா செய்யும். இது கம்பேரட்டர். ரெண்டு அளவ ஒப்பிட்டுப் பாத்து, எது கூடன்னு சொல்லும். தெருவிளக்கு சாயங்காலமானா தானா எரியுதுல்ல? வெளிச்சம் கொறஞ்சிருச்சுன்னு இந்த மாதிரி ஒண்ணுதான் கண்டுபிடிக்குது. உங்க ஆம்ப்ளிஃபயர்ல போனது இது. சின்னச் சத்தத்தப் பெருசாக்குற ஐசி."

"இந்தா, இதப் பாருங்கண்ணே," என்று சாகுல் ஹமீது ஒரு குட்டிப் பலகையை எடுத்துக் காட்டினார். "பேசுற சிப்பு. ஜவுளிக்கடை லிஃப்ட்டுல 'கதவை மூடவும், கதவை மூடவும்'னு ஒரு பொம்பள உசிர வாங்கும்ல? அந்தம்மா குடியிருக்கிறது இதுக்குள்ளதான்."

பொம்மையன் அதைக் கையில் வாங்கிப் புரட்டினார். "ஏன் பாய், மனுசப் பேச்ச மட்டும்தான் வச்சுக்கிருமா?"

"எதக் குடுத்தாலும் வச்சுக்கிரும். ஆடு, மாடு, காக்கா."

பல்லி என்று அவர் சொல்லவில்லை. பொம்மையனும் கேட்கவில்லை.

புது ஐசியைப் பற்றவைத்து சாகுல் ஹமீது சுவிட்சைப் போட்டார்.

டப்.

அந்தச் சத்தத்தைப் பொம்மையன் வாழ்நாளெல்லாம் கேட்டிருக்கிறார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் ஸ்பீக்கர் ஒரு குதி குதிக்கும். அதன் பிறகுதான் பாட்டு. தூக்கத்தில் கேட்டால்கூட இன்ன ஸ்பீக்கர் என்று சொல்வார். அப்படிப்பட்டவர் அன்றைக்குத்தான் முதல் தடவை கேட்பவர்போல் உட்கார்ந்திருந்தார். மகள் அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார். பல்லிக்கும் சளி பிடிக்காதா என்று கடைசியாக ஒரு சமாதானம் தேடிப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை.

தெருவில் இறங்கியதும் மெதுவாகச் சொன்னார். "ஏத்தா, சாமிகிட்ட மூணு தடவ கேக்கலாம்னு ஒரு மொற இருக்கு."

"போவோம்ப்பா. இந்தத் தடவ நான் கேக்குறேன்."

ஞாயிற்றுக்கிழமை. குகைக்குள் மூச்சு விட இடமில்லை. பேங்க் மேனேஜர் முன்வரிசையில் இருந்தார். இவர்கள் முறை வந்தபோது சாமி சூடத்தட்டில் கை வைத்தார்.

"சாமி, செத்த இருங்க," என்றாள் அறிவுச்செல்வி. "மொதல்ல நானே ரெண்டு மூணு கேள்வி கேட்டுக்கிறேன். கெவுளி யாருக்கும் பொதுதான?"

கூட்டத்தின் முன்னால் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? "கேளு தாயி," என்றார் சாமி, தாராளமாக.

அவள் அம்மாவின் பூஜைத் தட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்தாள். குகைக்கு நடுவில் நின்ற கல்தூணைக் காட்டினாள். "இந்தத் தூணு எனக்குச் சித்தப்பாவா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவள் ஒரு குச்சியைக் கிழித்து வலப்பக்க மாடத்துக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

டப். கெச் கெச் கெச் கெச்.

வலப்பக்கம். ஆமாம், சித்தப்பாதான். தூணில் சாய்ந்து நின்ற ஒருவர் மரியாதையாக நகர்ந்துகொண்டார்.

"கல்லுக்கும் நமக்கும் ஏதோ பூர்வ சம்பந்தம் இருக்கும்போல," என்றார் பேங்க் மேனேஜர்.

"இன்னிக்கிச் செவ்வாக்கெழமையா?" இன்னொரு குச்சி. வலப்பக்கம்.

டப். கெச் கெச் கெச் கெச்.

"தேவலோகத்துல செவ்வாயா இருக்கலாம்," என்று ஒரு குரல் வந்தது. நம்புவது என்று இறங்கிவிட்டவனுக்கு நாள் கிழமை ஒரு தடையா?

சாமி எழுந்துவிட்டார். "தாயி, தெய்வத்துகிட்ட வெளையாடக் கூடாது. தீப்பெட்டியக் குடு."

"கடைசிக் கேள்வி சாமி." மூன்றாவது குச்சியைக் கிழித்தாள். இந்தத் தடவை இடப்பக்கம் திரும்பினாள். "இந்தச் சாமி யோக்கியரா?"

டப். கெச் கெச் கெச் கெச்.

இல்லை என்றது பல்லி. எல்லோர் காதிலும் விழுந்தது. கடைசி இழுப்பு உட்பட.

இப்போதுதான் கூட்டத்துக்கு வியர்த்தது. பல்லி சொல்வது மெய் என்றால் சாமி திருடர். சாமி யோக்கியர் என்றால் பல்லி பொய். இரண்டில் எதைக் கும்பிடுவது? இதற்கு உத்தரவு கேட்கலாம் என்றால், கேட்க வேண்டிய இடமே அதுதான்.

"அது... காத்து கறுப்பு அண்டியிருக்கு," என்று தொடங்கினார் சாமி.

அப்போதுதான் பொம்மையன் நகர்ந்தார். இடப்பக்க மாடத்திடம் போய்க் காதை வைத்தார், விரலால் சுவரைத் தட்டினார், வெள்ளிப் பல்லியைப் பிடித்து இழுத்தார். பல்லி வந்தது. பல்லிக்குப் பின்னால் வயர் வந்தது. வயருக்குப் பின்னால் உள்ளங்கை அகல ஸ்பீக்கரும் ஒரு பச்சைப் பலகையும் பேட்டரியும் வந்தன.

"நாலு இஞ்சு ஸ்பீக்கரு," என்றார் பொம்மையன். அதைப் புரட்டிப் பார்த்தார். "உள்ள இருக்கிற காகிதக் கோனு கிழிஞ்சிருக்கு. அதான் கடைசியில அந்த இழுப்பு."

பலகையை மகள் வாங்கிக்கொண்டாள். யாரோ வாசலுக்கு ஓடிப்போய்ச் செல்போனை வாங்கிவந்து வெளிச்சம் காட்டினார்கள். கூசுவதற்குச் சாமிக்குக் கண் திறந்தே இல்லை, தலையைக் குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

"பல்லியோட கண்ணுல இருக்கிறது வெளிச்சத்த உணருற சென்சார்," என்றாள் அறிவுச்செல்வி. "சூடத்தக் கிட்ட நீட்டுனா, வெளிச்சம் கூடிருச்சுன்னு இந்தக் கம்பேரட்டர் சொல்லும். அப்ப இந்த டைமர் ஆம்ப்ளிஃபயர ஆன் பண்ணும், கொஞ்ச நேரத்துல ஆஃப் பண்ணிரும், பேட்டரி மிச்சமாகணும்ல. பல்லிச் சத்தம் இந்தப் பேசுற சிப்புல பதிஞ்சிருக்கு. இந்தா இது பெருசாக்குது. சாமி எந்தப் பக்கம் தட்ட நீட்டுறாரோ அந்தப் பக்கம் கத்தும். கேள்வி என்னன்னு இதுக்குத் தெரியவே தெரியாது."

கூட்டம் பொங்கியது. ஏமாந்தவனின் கோபம் எப்போதும் ஏமாற்றியவன் மேல்தான் பாயும், தன் மேல் பாயாது. கைகள் ஓங்கின. மூக்காயி குறுக்கே போய் நின்றாள்.

"ஏலே, நில்லுங்கடா. அடிக்கிறதுக்கு உத்தரவு வாங்கிட்டீகளா?"

ஓங்கிய கைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக இறங்கின. ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். அது நல்ல காரியம். அதற்காக அவர் யாரையும் கேட்கவும் இல்லை.

மதியழகன் நிமிர்ந்து பார்த்தார். சாமி வேலை போய்விட்டதால் பழைய பொம்மைக் கடைக்காரரின் குரலில் பேசினார். "நான் யாரு தலையிலயும் எதையும் திணிக்கலங்க. அவுகவுக மனசுல என்ன இருக்குன்னு கீழ டீக்கடையில கேட்டுச் சொல்லுவாக. அதத்தான் நான் பல்லிய விட்டுச் சொல்ல வச்சேன். வேணும்னவுகளுக்கு வலம், வேணாம்னவுகளுக்கு எடம். எம்புட்டுப் பேரு சந்தோசமாப் போனீக! ஏங்க மைக்செட்டுக்காரரே, மகள அனுப்ப மனசில்ல, சாமி சொல்லிட்டா தேவலன்னு சொன்னது யாரு? நானா, நீங்களா?"

பொம்மையனுக்குச் சட்டையைக் கழற்றிக்கொண்டு தெருவில் நிறுத்திய மாதிரி இருந்தது. மகள் அவரையே பார்த்தாள். அவள் கண்டுபிடித்தவற்றில் இது மட்டும் இல்லை.

"நீங்களாப்பா?"

பொய் சொல்ல ஒரு பல்லிகூட மிச்சம் இல்லை. "நான்தான் ஆத்தா," என்றார். "ஓசூரு எந்தத் திக்குன்னே எனக்குத் தெரியாது. நீ இல்லாத வீட்ட நெனச்சாலே பயமா இருந்துச்சு. அத உங்கிட்டச் சொல்ல வெக்கம். பல்லி சொல்லட்டும்னு விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பயமா இருக்குன்னு நீங்க சொல்லியிருந்தா உக்காந்து பேசியிருப்பேன்ப்பா. பல்லிகிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

பொம்மையன் கையிலிருந்த வயரைச் சுருட்டினார். பிறகு, பக்கத்தில் யாரையும் பார்க்காமல், வலமும் இடமும் திரும்பாமல் சொன்னார். "மாசக் கடைசிக்கு இன்னும் நாளு இருக்குல்ல? பெட்டியக் கட்டு. நானே கூட வந்து விட்டுட்டு வாரேன்."

அறிவுச்செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மூக்காயி, "நானும் வாரேன், இவர நம்பி அனுப்ப முடியாது," என்றாள்.

கூட்டம் கலையத் தொடங்கியது. பேங்க் மேனேஜர் மட்டும் செருப்பைத் தேடாமல் நின்றார். அவர் கவலை அவருக்கு.

"எல்லாம் சரிம்மா," என்றார். "அப்ப இனிமே நாங்க யாருகிட்டப் போயி கேக்குறது?"

அறிவுச்செல்வி பச்சைப் பலகையிலிருந்த கம்பேரட்டரை அவருக்குக் காட்டினாள். "சார், இது என் நகம் அளவுதான் இருக்கு. இது வந்து விழுந்த வெளிச்சத்த அப்பிடியே நம்புறதில்ல, ஒரு அளவோட ஒப்பிட்டுப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுது. இதவிடப் பெருசா ஒண்ணு உங்க தோளுக்கு மேல இருக்கு. வந்ததுலேருந்து பெட்டியே பிரிக்கல போல. பிரிச்சு ஒரு தடவ போட்டுப் பாருங்க சார், வாரண்டி முடியுறதுக்குள்ள."